எண்ணெய் கொப்பளித்தால் பல் ஊத்தை போகுமா?

காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கீழ்வரிசை முன்பற்களின் அடியில், பல்லும் ஈறும் சேரும் இடத்தில், விரல் நகத்தால் மெல்லச் சுரண்டுங்கள். அரைத்த மாவுபோல வெளிறிய மஞ்சளில் ஏதோ நகத்தடியில் ஒட்டிக்கொண்டு வரும். முகர்ந்து பார்க்காதீர்கள் என்று சொன்னாலும் முகரத்தான் போகிறீர்கள். அதுதான் பல் ஊத்தை.

பல் மருத்துவர்கள் இதைப் பிளாக் என்பார்கள். சிலர் அதையே ‘பிளேக்’ என்று எழுதிவிட, படிப்பவர் எலியையும் கொள்ளைநோயையும் நினைத்து மிரள்கிறார். பாடநூல் நடையில் பற்படலம் என்றும் சொல்வார்கள். ஊத்தை என்பது பாட்டிமார் வாயில் புழங்கிய சொல். சொல்லும்போதே முகம் சுளிக்க வைக்கிறது, அது இந்தப் பொருளுக்குப் பொருத்தம்தான். இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

நல்லெண்ணெயையோ தேங்காய் எண்ணெயையோ வாயில் ஊற்றிப் பத்து, இருபது நிமிடம் கொப்பளித்தால் இந்த ஊத்தை போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். சுத்தப் பொய் என்று சிரிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் அவசரப்படுகிறது. ஊத்தை ஓரளவு குறைகிறது என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எவ்வளவு, எதனால், எதற்குப் பதிலாக என்று கேட்கத் தொடங்கினால்தான் விஷயம் புரியும். அதற்கு முதலில் ஊத்தையின் சுபாவம் தெரிய வேண்டும்.

அது சோற்று மிச்சம் இல்லை

ஊத்தை என்றால் பல்லில் தங்கிவிட்ட சாப்பாடு என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். சாப்பாட்டு மிச்சம் என்றால் வாய் கொப்பளித்தாலே போய்விடும். ஊத்தை போகாது, ஏனென்றால் அது உயிருள்ளது. கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் தாங்களே சுரந்த பசைக்குள் குடியிருக்கும் ஒரு காலனி அது.

வீட்டில் தண்ணீர் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் டிரம்மை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழுவாமல் விட்டால் உட்சுவரில் கைவைத்ததும் வழுக்கும். அந்த வழுவழுப்பும் பல் ஊத்தையும் ஒரே சாதி. தண்ணீரை ஊற்றி எவ்வளவு குலுக்கினாலும் அந்த வழுக்கல் முழுதாகப் போவதில்லை. தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். தேங்காயில் பல்லுக்கு ஆவது எண்ணெயா, நாரா என்று கேட்டால் நான் நார் பக்கம்தான் சாய்வேன். நாரைக் கொண்டு பல் தேய்க்கச் சொல்லவில்லை, உரசல்தான் முக்கியம் என்கிறேன்.

பல்லில் இது உருவாகும் விதம் சுவையானது. நன்றாகத் துலக்கி முடித்த சில நிமிடங்களிலேயே உமிழ்நீரில் உள்ள புரதங்கள் எனாமல்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகின்றன. அந்தப் பூச்சு கெட்டதல்ல, பல்லுக்கு அது ஒரு கவசமும்கூட. ஆனால் அதில்தான் முதல் பாக்டீரியாக்கள் வந்து ஒட்டுகின்றன. அவை பெருகுகின்றன, பசை சுரக்கின்றன, அந்தப் பசையில் அடுத்த வகைப் பாக்டீரியாக்கள் வந்து தொற்றிக்கொள்கின்றன. நாம் தின்னும் சர்க்கரையை வைத்தே பசை தயாரிக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பேர்வழி இதில் பிரபலம். சர்க்கரையை அமிலமாக்கிச் சொத்தைக்கு வழி வெட்டுவதும் இதுதான். நாள் கணக்கில் விட்டுவைத்தால் உமிழ்நீரில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் ஊத்தைக்குள் இறங்கிக் கல்லாக இறுகுகின்றன. அதைத்தான் காரை என்கிறோம். காரை ஆகிவிட்டால் பிரஷ்ஷும் பிடுங்காது, எண்ணெயும் கரைக்காது. பல் மருத்துவரிடம் போய்ச் சுத்தம் செய்துகொள்வது ஒன்றே வழி. (அப்படிச் சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடத் தொடங்கிய பல்லைக் காரைதான் அண்டை கொடுத்து நிறுத்திவைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரிகிறது. பழி மருத்துவர்மேல் விழுகிறது.)

ஊத்தை ஈறைக் கெடுக்கும் என்பதை இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம். அதை மனிதர்களிடம் நேரடியாகக் காட்டிய சோதனை 1965இல் வெளியானது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும் ஆரோக்கியமான ஈறுள்ள 12 பேரிடம் பல் துலக்குவதையே நிறுத்தச் சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பல் மருத்துவ மாணவர்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் போல ஆனதும் ஈறு பழையபடி ஆனது. ஊத்தை சேர்ந்தால் ஈறு வீங்குகிறது, ஊத்தை போனால் ஈறு தேறுகிறது. எண்ணெய் கொப்பளித்தல் பற்றிய ஆய்வுகள் எல்லாம் ஊத்தையையும் ஈறையும் சேர்த்தே அளப்பதற்கு இதுதான் காரணம்.

டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி

எண்ணெய்க்குப் போவதற்கு முன் ஒருவரைச் சந்தித்துவிட்டுப் போகலாம். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரம் செய்த ஆண்டனி வான் லேவன்ஹூக், தானே தேய்த்து உருவாக்கிய கண்ணாடி வில்லைகளால் எதையெல்லாமோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில், தன் பல்லிடுக்கில் இருந்து எடுத்த வெள்ளைப் பொருளில் குட்டிக் குட்டி உயிர்கள் துள்ளுவதைப் பார்த்ததாகச் சொல்கிறார். பல் ஊத்தையை மனிதக் கண் உருப்பெருக்கிப் பார்த்த கதை அங்கே தொடங்குகிறது. தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்க்கும் பழக்கம் உள்ளவர் அவர். அப்படியும் ஊத்தை இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி ஊத்தையை எடுத்துப் பார்த்தார். அந்த உயிர்கள் இன்னும் இருந்தன. எடுத்த ஊத்தையை வெளியே வினிகரோடு நேரடியாகக் கலந்தால் செத்துவிட்டன. கொப்பளித்த வினிகர் ஊத்தையின் மேலே இருப்பவற்றைத்தான் கொன்றது, உள்ளே இறங்கவில்லை என்று முடிவு கட்டினார்.

எந்த வாய் கொப்பளிக்கும் திரவத்துக்கும், எண்ணெய் உட்பட, உள்ள அடிப்படைச் சிக்கலை அந்த வியாபாரி அன்றே பிடித்துவிட்டார் என்பது என் எண்ணம். பசைக்குள் புதைந்திருக்கும் பாக்டீரியா, தண்ணீரில் தனியே மிதக்கும் பாக்டீரியா போல எளிதில் மாட்டாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு பொருள் கிருமியைக் கொல்கிறது என்று யாராவது சொன்னால், வாய்க்குள் ஊத்தையின் அடிவரை அது போகிறதா என்று கேட்க வேண்டும்.

கவளமும் கண்டூஷமும்

எண்ணெய் கொப்பளிப்பது ஆயுர்வேதத்தில் பழைய முறை. கவளம், கண்டூஷம் என்று இரண்டு வகை சொல்வார்கள். வாய் அசைக்க இடம் விட்டு, கொஞ்சமாக ஊற்றிக் கொப்பளிப்பது கவளம். அசைக்கவே முடியாதபடி வாய் நிறைய வைத்துக்கொண்டு அப்படியே இருப்பது கண்டூஷம். கவளம் என்றதும் நமக்குச் சோற்றுருண்டை நினைவுக்கு வரும். இங்கும் ஒரு வாய்க்குக் கொள்ளும் அளவு என்பதே பொருள்.

சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில், அன்றாட ஒழுக்கங்களைச் சொல்லும் ஐந்தாம் அத்தியாயத்தில் இது வருகிறது. தாடைக்கு வலு, குரலுக்கு வலு, முகத்துக்குப் பூரிப்பு, நாவுக்குச் சுவை, தொண்டை வறளாது, உதடு வெடிக்காது, பல் உறுதியாக இருக்கும், புளிப்பில் கூசாது. இதுதான் அங்கே உள்ள பட்டியல். எல்லாம் கழுத்துக்கு மேலே. கவனித்தீர்களா, உடம்பின் நச்சை எண்ணெய் உறிஞ்சி இழுத்துவிடும் என்ற பேச்சே அங்கே இல்லை. தலைவலி முதல் நீரிழிவு வரை எல்லாம் தீரும் என்ற பட்டியல் பின்னால் சேர்ந்தது. 1990களில் கராக் என்ற மருத்துவரின் பெயரில் சூரியகாந்தி எண்ணெய் கொப்பளிக்கும் முறை உலகமெங்கும் பரவியது. அந்த அலைதான் ‘ஆயில் புல்லிங்’ என்ற பெயரோடு திரும்பி நம் ஊருக்கும் வந்தது. பாட்டன் சொத்து என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் ஒரு பாதி, வெளியூர் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டு வந்தது.

நம் பழமொழி பல்லுக்கு எதைச் சொல்கிறது என்றும் பாருங்கள். ஆலும் வேலும்தான் அதில் இருக்கின்றன, எள் இல்லை. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் மென்று நுனியை நாராக்கித் தேய்ப்பது உரசல். பழமொழி பாடியவர் பிரஷ்ஷைத்தான் சொல்லியிருக்கிறார்.

வெள்ளையாக மாறுவது எது?

எண்ணெயை வாயில் ஊற்றியதும் கனமாக, வழவழப்பாக, கொஞ்சம் குமட்டலாகவும் இருக்கும். ஐந்தாறு நிமிடத்தில் தாடை வலிக்கத் தொடங்கும்போது எண்ணெய் இளகி, அளவும் கூடியதுபோல் தோன்றும். துப்பினால் பால் வெள்ளையாக, நுரையோடு விழும். நல்லெண்ணெயின் மஞ்சள் எங்கே போனது? நச்செல்லாம் வெளியே வந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம் என்று சொல்வார்கள்.

அடுப்படிக்குப் போய் ஒரு மூடி தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து பாருங்கள். தேங்காய்ப்பால் ஏன் வெள்ளை? எண்ணெய் நுண்ணிய துளிகளாகச் சிதறித் தண்ணீரில் மிதக்கிறது. ஒவ்வொரு துளியும் ஒளியைச் சிதறடிப்பதால் மொத்தமும் வெள்ளையாகத் தெரிகிறது. வாயிலும் நடப்பது இதுவே. உமிழ்நீர் தண்ணீர், நாக்கும் கன்னமும் மத்து, உமிழ்நீரில் உள்ள புரதங்கள் துளிகள் மறுபடி சேர்ந்துவிடாமல் பிடித்துவைக்கின்றன. அளவு கூடியதும் உமிழ்நீர் சேர்ந்ததால்தான். குறை சொல்ல முடியாத ஆரோக்கியமான வாயிலும் எண்ணெய் வெள்ளையாகத்தான் மாறும். நச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொரு விளக்கம், எண்ணெய் வாயில் சோப்பாக மாறி அழுக்கை அகற்றுகிறது என்பது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு உண்டாகும், அது சரி. சென்னையில் இதை ஆராய்ந்தவர்களே 2011இல் சோதனைக்கூடத்தில் அப்படி ஒரு சாத்தியத்தை எழுதினார்கள். ஆனால் சோப்புக் காய்ச்சக் கையைப் புண்ணாக்கும் காரம் தேவை. உமிழ்நீர் அமிலமும் இல்லை காரமும் இல்லை என்ற நடுநிலைக்கு அருகிலேயே நிற்கிறது. பல் விளக்கும் அளவுக்குச் சோப்பு அங்கே உண்டாகும் என்பது எனக்கு நம்பும்படியாக இல்லை.

மூன்றாவது, தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலம் கிருமியைக் கொல்லும் என்பது. இதில் உண்மை இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கலும் இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம். ஆனால் எண்ணெயில் அது தனியாக அலையவில்லை; மூன்று மூன்றாகக் கிளிசரினோடு கட்டுண்டு கிடக்கிறது. கட்டு அவிழ்ந்தால்தான் வேலை செய்யும். அயர்லாந்தின் அத்லோன் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்தார்கள். செரிமான நொதியால் பாதி செரிக்க வைத்த தேங்காய் எண்ணெய் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுத்தது. கடையில் வாங்கிய சாதாரண எண்ணெய் தடுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் சொத்தையைத் தடுக்கும் என்று தலைப்புப் போட்டவர்கள் இந்த இரண்டாவது பாதியைச் சௌகரியமாக விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் ஊத்தை குறைவது எதனால்? பெரும் பங்கு அலசலுக்கு என்று நினைக்கிறேன். தண்ணீரைவிடத் தடித்த ஒரு திரவத்தைப் பல்லிடுக்கு வழியாகப் பத்து, இருபது நிமிடம் விடாமல் தள்ளி இழுத்தால், இன்னும் இறுகாத மேல்படலம் கொஞ்சம் பெயரும். உமிழ்நீரும் தாராளமாக ஊறும். உமிழ்நீர் தன்னளவிலேயே ஒரு நல்ல வண்ணான். பல்மீது எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பாக்டீரியா ஒட்டுவது சற்றுக் கடினமாகலாம் என்றும் ஒரு கருத்து உண்டு.

ஆய்வுகள் அளந்தது என்ன?

ஊத்தையை எப்படி அளப்பது? 1964இல் சில்னெஸ், லோ இருவரும் வகுத்த மதிப்பெண் முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. (ஆர்ஹுஸில் பார்த்த அதே லோதான்.) ஈறோரத்தில் ஊத்தையே இல்லை என்றால் 0. கண்ணுக்குத் தெரியாது, கருவியால் சுரண்டினால் வருகிறது என்றால் 1. கண்ணுக்கே தெரிகிறது என்றால் 2. அப்பிக்கொண்டு கிடந்தால் 3. எல்லாப் பற்களுக்கும் போட்டுச் சராசரி எடுப்பார்கள். இந்த எண் குறைந்தது என்றால் ஊத்தை குறைந்தது.

இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் ஆய்வுகள் சென்னை மீனாட்சி அம்மாள் பல் மருத்துவக் கல்லூரியில் சரத் அசோகன் குழுவினர் செய்தவை. 2009இல் வெளியான ஆய்வில் ஈறு அழற்சி இருந்த 20 விடலைப் பையன்களை இரண்டாகப் பிரித்தார்கள். பத்துப் பேருக்கு நல்லெண்ணெய், பத்துப் பேருக்குக் குளோர்ஹெக்சிடின். குளோர்ஹெக்சிடின் என்பது பல் மருத்துவர்கள் எழுதித்தரும் வாய் கொப்பளிக்கும் மருந்து. ஊத்தை விஷயத்தில் மற்றதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும் உரைகல். பத்து நாள் கழித்து இரண்டு குழுவிலும் ஊத்தையும் ஈறு அழற்சியும் குறைந்திருந்தன.

எண்ணெயும் மருந்தும் ஒன்று என்று இதிலிருந்து தாவக் கூடாது. பழைய பேப்பர் எடைபோடும் தராசில் மூக்குத்தியை வைத்தால் முள் அசையாது. அதற்காக மூக்குத்திக்கு எடையே இல்லை என்றா சொல்வோம்? பத்துப் பேருக்குப் பத்துப் பேர் என்பது அப்படிப்பட்ட தராசு. பெரிய வித்தியாசம் இருந்தால் காட்டும், நடுத்தர வித்தியாசத்தைத் தவறவிடும்.

கேரளத்தின் கண்ணூரில் 60 இளைஞர்களைத் தேங்காய் எண்ணெய் கொப்பளிக்க வைத்துச் செய்த ஆய்வு 2015இல் வந்தது. 16 முதல் 18 வயது, 30 நாள், வழக்கமான பல் துலக்கலோடு கூடுதலாக எண்ணெய். ஏழாம் நாளிலிருந்தே ஊத்தை மதிப்பெண் இறங்கத் தொடங்கியது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒப்பிட இன்னொரு குழு இல்லை. யாரோ ஒருவர் வாரம் தவறாமல் வந்து உங்கள் பல்லை எண்ணிப் பார்க்கப் போகிறார் என்று தெரிந்தால் நீங்களும் நானும்கூடப் பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்தமாகவே பிடிப்போம். குறைந்ததில் எண்ணெயின் பங்கு எவ்வளவு, கூச்சத்தின் பங்கு எவ்வளவு என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

எண்ணெய்க்குச் சாதகமான வலுவான சான்று துருக்கியில் இருந்து வந்தது. அங்கே கையாண்ட முறை எனக்குப் பிடித்தது. பற்களை முழுதாகச் சுத்தம் செய்துவிட்டு, நான்கு நாள் துலக்கவே கூடாது என்று சொல்லிவிடுவார்கள், கொப்பளிப்பது மட்டும்தான். நான்காம் நாள் எவ்வளவு ஊத்தை முளைத்திருக்கிறது என்று பார்ப்பார்கள். அப்புறம் இடைவெளி விட்டு, எண்ணெய்க்காரர்கள் மருந்துக்கும் மருந்துக்காரர்கள் எண்ணெய்க்கும் மாறுவார்கள். ஒரே வாய்க்குள் ஒப்பீடு நடப்பதால் ஆள் வித்தியாசம் குறுக்கே வராது; பிரஷ் இல்லாததால் அதன் புகழை எண்ணெய் திருடிக்கொள்ளவும் முடியாது. 29 பேரிடம் நடந்த அந்தச் சோதனையில் தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்டக் குளோர்ஹெக்சிடின் அளவுக்கே ஊத்தையைத் தடுத்தது, பல்லில் கறையும் குறைவாகவே விழுந்தது. குளோர்ஹெக்சிடினைத் தொடர்ந்து பயன்படுத்தினால் பல் பழுப்பேறும், நாவில் ருசி கெடும் என்பது தெரிந்த விஷயம். அதை மாதக்கணக்கில் கொடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிச் சிதறிக் கிடப்பவற்றைத் திரட்டிப் பார்த்தவர்களும் உண்டு. தேங்காய் எண்ணெயை மட்டும் எடுத்துக்கொண்ட 2020 தொகுப்பாய்வுக்கு உருப்படியாகக் கிடைத்தவை நான்கே ஆய்வுகள், மொத்தம் 182 பேர். பயன் இருக்கலாம், ஆனால் ஆய்வுகளின் தரம் போதாது என்று முடித்தார்கள். 2024இல் வந்த பெரிய தொகுப்பில் 25 ஆய்வுகள், 1,184 பேர். அதில் ஈறு ஆரோக்கியத்தில், குளோர்ஹெக்சிடின் அல்லாத மற்றக் கொப்பளிப்புத் திரவங்களைவிட எண்ணெய்க்குப் பலன் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஊத்தையைக் குறைப்பதில் குளோர்ஹெக்சிடின் எண்ணெயைத் தெளிவாக முந்தியது. மூக்குத்திக்கு எடை இருந்திருக்கிறது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு சங்கடமும் உண்டு. மாத்திரை என்றால் நிஜம் எது, போலி எது என்று தெரியாமல் கொடுத்துவிடலாம். வாயில் இருப்பது நல்லெண்ணெயா மருந்து நீரா என்பதை நாக்கிடம் யாராலும் மறைக்க முடியாது.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் எண்ணெய் கொப்பளிப்பதைப் பல் பராமரிப்பு முறையாகப் பரிந்துரைக்கவில்லை; போதுமான நம்பகமான சான்று இல்லை என்பது அதன் நிலை. சிலர் இதைப் பாரம்பரியத்தின் மேல் உள்ள காழ்ப்பு என்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பிரஷ்ஷும் ஃபுளூரைடு பற்பசையும் சொத்தையைக் குறைக்கும் என்பதற்குப் பல பத்தாண்டுச் சான்று குவிந்திருக்கிறது. அந்த இடத்தில் உட்கார வருகிற எதுவும் அதே பரீட்சையை எழுதித்தான் ஆக வேண்டும். எண்ணெயில் ஃபுளூரைடு கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஊத்தையைக் குறைப்பது வேறு, எனாமலைக் கெட்டியாக்குவது வேறு. இரண்டாவது வேலையை எந்தச் செக்கு எண்ணெயும் செய்யாது.

கொப்பளிக்க விரும்பினால்

வெறும் வயிற்றில், துலக்குவதற்கு முன், ஒரு மேசைக்கரண்டி போதும். வாய் முழுக்க ஊற்றினால் கன்னம் அசையாது. தலையை அண்ணாந்து தொண்டையில் கரகரவென்று கொப்பளிக்க வேண்டாம். அலச வேண்டியது பல்லிடுக்கை. தாடை வலித்தால் நிறுத்திவிடுங்கள், இருபது நிமிடம் என்பது வேதவாக்கு இல்லை. விழுங்காமல் துப்புங்கள், வாய் அழுக்கெல்லாம் சேர்ந்த எண்ணெய் அது. வாஷ்பேசினில் துப்பாதீர்கள், பழைய காகிதத்தில் துப்பிக் குப்பையில் போடுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். மார்கழியில் ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் குழாய் அடைத்தபின் பிளம்பரைத் தேட வேண்டியிருக்கும்.

பிறகு தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, பற்பசையால் இரண்டு நிமிடம் துலக்குங்கள். வரிசை முக்கியம். பற்பசைக்குப் பிறகு எண்ணெய் என்றால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளூரைடு எண்ணெயோடு வெளியே போய்விடும்.

ஒரே ஒரு இடத்தில் எச்சரிக்கை செய்ய வேண்டும். எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலில் ஒருவகை நிமோனியா வரும். தண்ணீர் என்றால் புரையேறி இருமல் வந்து வெளியே தள்ளிவிடும். எண்ணெய் வழவழப்பானது, இருமலைக்கூடக் கிளப்பாமல் நழுவி இறங்கிவிடும். எண்ணெய் கொப்பளித்துவந்தவர்களுக்கு இப்படி நேர்ந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அபூர்வம்தான். ஆனாலும் சின்னக் குழந்தைகள், பக்கவாதம் வந்தவர்கள், விழுங்கச் சிரமப்படும் முதியவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

இரண்டு சிவப்பு மாத்திரை

பல் மருத்துவர்களிடம் ஊத்தையைக் காட்டிக்கொடுக்கும் மாத்திரை இருக்கிறது. மென்றால் சிவப்புச் சாயம் ஊத்தையில் ஏறிக்கொள்ளும், சுத்தமான எனாமலில் ஏறாது. நண்பர் ஒருவரிடம் ஒரு பட்டை வாங்கி வந்தேன். முதல் நாள் காலை துலக்காமல் நல்லெண்ணெயைக் கால் மணி நேரம் கொப்பளித்து, தண்ணீரில் அலசிவிட்டு மாத்திரையை மென்றேன். முன்பற்களின் நடுப்பகுதி பரவாயில்லை, இளஞ்சிவப்பு திட்டுத்திட்டாகத்தான் இருந்தது. ஈறோரத்தில் நெடுகக் குங்குமம் இழுத்ததுபோல ஒரு கோடு. கடைவாய்ப் பல்லின் உட்பக்கம், நாக்கு படும் இடம், வெற்றிலை போட்டதுபோல் இருந்தது. மறுநாள் எண்ணெய் இல்லை, பிரஷ் மட்டும். ஈறோரக் கோடு அங்கங்கே அறுந்திருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் மட்டும் சிவப்பு விடாமல் நின்றது. ஒரு வாய் ஆய்வாகாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பிரஷ்ஷும் நுழையாத அந்த இடுக்குக்குத்தான் பல்லிடை நூலும் சின்னப் பிரஷ்ஷும் விற்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அம்மா இரண்டு வருடமாக எண்ணெய் மட்டும்தான். பற்பசை ரசாயனம் என்று யாரோ சொன்னதில் இருந்து பிரஷ்ஷைக் கை தொடவில்லை. காலையில் பால்காரர் வந்தால் கன்னம் உப்பியபடியே கையால் கணக்குச் சொல்வார். ஈறில் ரத்தம் வருவதை வயதின் கணக்கில் எழுதிவைத்திருந்தார். மேலே எழுதிய ஆய்வுகளை எல்லாம் அவரிடம் சொல்லிப் பார்த்தேன், அசையவில்லை. ஒருநாள் அவர் எண்ணெயைத் துப்பிவிட்டு வந்ததும் ஒரு மாத்திரையை நீட்டினேன். மென்றார், துப்பினார், முகம் பார்க்கும் கண்ணாடியை ஜன்னல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய் வாயைத் திறந்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. நாக்கை ஒதுக்கி உட்பக்கத்தைப் பார்த்தார், உதட்டை விரலால் இழுத்து மேலே பார்த்தார்.

எண்ணெயை அவர் விடவில்லை. இப்போது எண்ணெய்க்குப் பிறகு பிரஷ்ஷும் உண்டு. அந்தப் பட்டையில் மாத்திரை இன்னும் எத்தனை மீதி இருக்கிறது என்று மட்டும் அன்றைக்குக் கேட்டார். பக்கத்து வீட்டுச் சித்திக்கு ஒன்று வேண்டுமாம்.